ஆட்டுக்கல்லை டில்லிக்குக் கொண்டுபோக வந்தவர்கள்

லேக் மார்க்கெட் காபிக் கடையில் தினமும் காலையில் கூடும் நம் கூட்டத்துக்காக இதை எழுதுகிறேன். எட்டுப் பேராக இருந்தோம், இப்போது ஐந்து பேர். அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்குக் காது கேட்பதில்லை, ஒருவர் யார் பேசினாலும் நடுவில் புகுந்துவிடுவார். ஆகவே வாயால் சொல்ல முடியாததைக் காகிதத்தில் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பேராசிரியர் வந்தார், சின்னப் பையன். நம்மவர்கள் ஏன் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கு வந்தார்கள் என்று கேட்டார். நீங்கள் நால்வரும் "வேலை" என்றீர்கள். எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், நான்கு பேரும் அதே சொல். அவரும் சந்தோஷமாக எழுதிக்கொண்டு போனார். நான் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்குக் காபியில் சர்க்கரை அதிகம், என் கோபம் அதன் மேல் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு கோபம் உங்கள் மேல் திரும்பிவிட்டது.

வேலையாம்! வேலைக்காக வந்தவர் என் அப்பா. என் அம்மா எதற்காக வந்தாள்? அதை அவரும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

என் பெற்றோர் புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்தவர்கள். சின்ன ராஜ்யம். ஒரு எல்லையில் மாட்டு வண்டி பூட்டினால் மறுநாள் பொழுது சாய்வதற்குள் மறு எல்லையைத் தாண்டிவிடலாம் என்பார் அப்பா. வானம் பார்த்த பூமி. ஒரு கண்மாய் நிரம்பி வழிந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர், மேலே இருப்பது காய்ந்தால் கீழே இருப்பதெல்லாம் காயும். மழை இல்லாத வருஷங்களில் வயலில் இறங்கி உழைத்தவர்கள் கூட்டம் கூட்டமாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் பினாங்குக்கும் போனார்கள். பணம் வைத்திருந்தவர்கள் ரங்கூனுக்குப் போய்க் கடை திறந்தார்கள். எங்களைப் போன்றவர்களை வெளியே தள்ளியது பள்ளிக்கூடம். ராஜா புண்ணியத்தில் நிறையப் பையன்கள் இங்கிலீஷ் படித்துவிட்டார்கள். அத்தனை பேருக்கும் நாற்காலி போட அந்தச் சின்ன ராஜ்யத்தில் ஆபீஸ் இல்லை. ஒருவன் வெளியே போவான், வேலை கிடைத்ததும் மச்சினனைக் கூப்பிடுவான், மச்சினன் தன் தம்பியைக் கூப்பிடுவான். என் அப்பாவைக் கல்கத்தாவுக்குக் கூப்பிட்டவர் அவருடைய அக்கா புருஷன்.

இதெல்லாம் காரணங்கள்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் இவற்றை ஆண்கள் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டபடி பேசி முடிப்பார்கள். முடித்த பிறகு சமையலறைக்குச் செய்தி போகும். பாத்திரத்தைக் கட்டு.

அம்மா தன் அடுப்புகளை எண்ணி வைத்திருந்தாள். எண்ணுகிற வியாதி எனக்கு அவளிடமிருந்து வந்ததுதான். பிறந்த ஊர்க் கண்மாய் காய்ந்தபோது அவளுடைய அப்பா குடும்பத்தோடு புதுக்கோட்டைக்கு வந்தார். கல்யாணம் ஆனதும் திருச்சி. பிறகு சென்னையில் இரண்டு வீடுகள். கல்கத்தாவில் வந்து இறங்கிய வீடு ஒன்று. காளிகாட்டில் நாங்கள் குடியிருந்தது அவளுடைய ஏழாவது அடுப்பு. எங்கேயும் அவளுக்குப் புது ஊர் பிடித்து வர ஆரம்பிக்கும்போது கூடத்தில் பேச்சு நடக்குமாம்.

காளிகாட் வீட்டை உங்களில் ஒருவராவது பார்த்திருப்பீர்கள். ஆதிகங்கைக் கால்வாய்க்குப் போகும் சந்தில் இருந்தது. காலையில் காளி கோவிலுக்குப் பலிக்கு ஓட்டிக்கொண்டு போகும் ஆடுகள் எங்கள் ஜன்னலுக்குக் கீழே கத்திக்கொண்டு போகும், அம்மா அந்த ஜன்னலை மட்டும் சாத்திவிடுவாள். மாடியில் வீட்டுக்காரர், அலிப்பூர் கோர்ட்டில் வக்கீல். அவரை ஜேட்டாமஷாய் என்றும், அவர் மனைவியை ஜேட்டிமா என்றும் கூப்பிடுவேன். பெரியப்பா, பெரியம்மா என்று அர்த்தம். சொந்தப் பெரியப்பாவை நான் பார்த்ததில்லை, அதனால் எனக்கு அவர்கள்தான். கீழே எங்களுக்கு இரண்டு அறை, ஒரு சமையலறை, நடுவில் ஒரு முற்றம்.

முற்றத்தில் ஆட்டுக்கல்.

அந்தக் காலத்தில் எங்களுக்குத் தெரிந்த வட்டத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஆறே ஆறு, எல்லாம் சர்க்கார் குமாஸ்தாக்கள். வங்காளத்து மண்ணில் கல்லே கிடையாது, எங்கே தோண்டினாலும் களிமண்தான். மசாலா அரைக்க வங்காளிகளிடம் ஒரு தட்டைக் கல் உண்டு, அதில் இட்லிக்கு உளுந்து ஆட்ட முடியாது. ஆகவே ஆறு குடும்பங்களும் சேர்ந்து சென்னையிலிருந்து கப்பலில் ஒரு ஆட்டுக்கல்லை வரவழைத்தார்கள். மற்றவர்கள் மாடி அறைகளில் இருந்தார்கள், மாடியில் அந்தக் கனத்தை வைக்க வீட்டுக்காரர்கள் விடவில்லை. முற்றம் எங்களுக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் வாரத்தில் ஒரு நாள் முறை.

முறை என்று பேர், ஒரு வீட்டு முறையில் நான்கு வீட்டுப் பெண்கள் வந்துவிடுவார்கள். ஒருத்தி குழவியைச் சுற்றுவாள், ஒருத்தி தள்ளிவிடுவாள், மற்றவர்கள் பேசுவார்கள். கல்லின் கடகடப்பு, ஊறிய உளுந்தின் வாசனை, மாடியில் ஜேட்டிமா காய்ச்சும் ஈச்சம் வெல்லத்தின் வாசனை, இவை மூன்றும் சேர்ந்துதான் எனக்குக் குளிர்காலம். ஜேட்டிமா படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். "ஓ மா! கல் நிற்கிறது, உலக்கை சுற்றுகிறது. உங்கள் தேசத்தில் எல்லாமே தலைகீழ்!" என்பாள் வங்காளியில்.

ஆண்கள் அதை இட்லிக் கல் என்றார்கள். நானும் வெகு காலம் அப்படித்தான் நினைத்தேன். மொழி தெரியாத ஊரில் அந்தப் பெண்கள் வாய்விட்டுப் பேச இருந்த ஒரே இடம் அது என்பதை என் அப்பா உட்பட ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

1911-ஆம் வருஷக் குளிர்காலத்தில்தான் தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று சக்கரவர்த்தி அறிவித்தார். ஜேட்டாமஷாய் பத்திரிகையை உரக்கப் படித்துவிட்டு, "ராஜாவுக்கு எங்கள் ஊர்க் கொசு பிடிக்கவில்லை போலிருக்கிறது" என்றார். எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆபீஸ் போனால் குமாஸ்தாவும் போக வேண்டும்.

ஆறு குமாஸ்தாக்களில் மூத்தவர் தஞ்சாவூர்க்காரர், சூப்பிரண்டு. எல்லோருக்கும் அவர் பெரிய மாமா. ஆபீஸ் கோட்டும் பஞ்சகச்சமுமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, யார் எந்தத் தொகுதியில் போவது, டில்லியில் எந்தப் பேட்டையில் சேர்ந்து இருப்பது என்று எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடித்துவிட்டார். அப்பா தலையை ஆட்டினார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை, தலையை ஆட்டுவார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அப்பா செய்தியைச் சொன்னார். அம்மா ரசத்தை ஊற்றி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"நான் வரலை."

"என்ன வரலை?"

"டில்லிக்கு வரலை. கண்மாய் காஞ்சுதுன்னா, வந்தேன். அங்கே வேலை இல்லைன்னா, வந்தேன். இப்போ என்ன காஞ்சுது? ராஜா வீடு மாத்தினா நான் எதுக்கு அடுப்பை மாத்தணும்?"

"எல்லாரும் போறாளோல்லியோ?"

"எல்லாரும்னா யாரு? ஆம்பளைகள் ஆறு பேரா?"

அப்பா மோர் சாதம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். குளிருக்குப் பயப்படுகிறாள், நாள் ஆனால் சரியாகிவிடும் என்று மறுநாள் பெரிய மாமாவிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பெரிய மாமா, "கம்பளி வாங்கிக் கொடுத்துடு" என்று யோசனை சொன்னார். கம்பளியும் வந்தது. அம்மா அதை வாங்கி, மடித்து, எனக்குப் போர்த்திவிட்டாள்.

அடுத்த வாரங்களில் முற்றத்தில் பேச்சுக் குறைந்துவிட்டது. குழவி மட்டும் சுற்றியது. பெரிய மாமாவின் மனைவியை மாமி என்போம். ஆபீஸோடு வெயில் காலத்தில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் கல்கத்தாவுக்கும் வருஷா வருஷம் ஏறி இறங்கியவள். மாமிதான் ஒரு நாள் குழவியை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

"இதையும் தூக்கிண்டு போறாளாம். நேத்து எங்காத்துல பேசினா. பொதுச் சொத்தாம், அஞ்சு குடும்பம் போறதாம், ஒண்ணு போனாலும் போகாட்டாலும் கல்லு அஞ்சு பேரோட போகணுமாம்."

"அப்போ நீங்க அங்கே ஆட்டலாமே, மாமி" என்றாள் அம்மா.

"போடி அசடே! அங்கே ஆளுக்கு ஒரு தெருவில போட்டுடுவா. கல்லு யாராத்துல இருக்குமோ அவா மட்டும் ஆட்டிண்டு கிடக்கணும். இங்கேயே ஒருத்தி கல்லோட இருக்கான்னா, போன எடத்துல கொஞ்சம் தைரியமா இருக்கும். நீ அசையாதே."

"ஆறு பேரும் வந்து தூக்கினா நான் என்ன பண்றது?"

படியில் இருந்த ஜேட்டிமா என்ன விஷயம் என்று கேட்டாள். அம்மா தன் அரைகுறை வங்காளியில் கையால் பாதி, வாயால் பாதி சொன்னாள். ஜேட்டிமா எழுந்து மாடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் இறங்கி வந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள். அம்மா முதலில் புரியாமல் விழித்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு மாவாட்ட வரும் பெண்களின் பாத்திரங்கள் எனக்கு விநோதமாகத் தெரிந்தன. ஒருத்தி அரிசிக்கு அடியில் சுண்ணாம்புக் கட்டி கொண்டுவந்தாள். வெற்றிலைக்கு என்று நினைத்தேன், ஆனால் அத்தனை வெற்றிலை அந்தச் சந்திலேயே கிடையாது. இன்னொருத்தி தூக்கில் செங்கல் பொடி, சுர்க்கி என்பார்களே அது. மாமி ஊரிலிருந்து மருந்துக்கென்று வைத்திருந்த கடுக்காயைக் கொடுத்தாள். ஜேட்டிமா ஒரு சட்டி ஈச்சம் வெல்லம் இறக்கிக் கொடுத்தாள், என்னைத் தொடக்கூட விடாமல். கடுக்காய்த் தண்ணீரையும் வெல்லப் பாகையும் சுண்ணாம்பில் விட்டு அதே ஆட்டுக்கல்லிலேயே அரைத்தார்கள். இட்லிக் கல்லில் சுண்ணாம்பு! எனக்கு அழுகையே வந்தது. அம்மா தண்ணீர் விட்டுப் பத்து முறை கழுவினாள், நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஆண்கள் ஆபீஸில் இருந்த ஒரு மத்தியானம் வேலை முடிந்தது. முற்றத்துச் செங்கல்லைப் பெயர்த்துக் குழி பறித்தவன் ஜேட்டிமா கூப்பிட்டு வந்த கொத்தன். கல்லை உருட்டி இறக்கியது ஆறு பெண்களும் ஜேட்டிமாவும். மாமியின் ஒரு வளையல் உடைந்தது. கல் முக்கால்வாசி தரையில் இறங்கி, சுற்றிலும் சிவப்புச் சாந்து பூசப்பட்டு, பிறந்ததிலிருந்தே அங்கே இருப்பது போல உட்கார்ந்துவிட்டது. அதன் மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினார்கள். அப்பா வந்து கேட்டபோது "பனிக்கு" என்றாள் அம்மா. அப்பா நம்பினார் என்று அப்போது நினைத்தேன். இப்போது எனக்குச் சந்தேகம் உண்டு.

சாந்து இறுகிப் பல நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஐந்து குமாஸ்தாக்களும் கயிறு, மூங்கில், இரண்டு கூலி ஆட்கள் சகிதம் வந்தார்கள். சந்து முனையில் மாட்டு வண்டி நின்றது. பெரிய மாமா தானே சாக்கை விலக்கினார்.

"என்னய்யா இது?" என்றார் அப்பாவைப் பார்த்து.

அப்பா கல்லைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

அந்தக் காலத்தில் நம் வீடுகளில் பெண்கள் வேற்று ஆண்களோடு நேருக்கு நேர் பேச மாட்டார்கள். கதவுக்குப் பின்னால் நின்று, குழந்தையைப் பார்த்துப் பேசுவது போலப் பேசுவார்கள். நான்தான் அந்தக் குழந்தை. இரண்டு பேருக்கும் நடுவில் நின்றேன், ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

"டேய், பெரிய மாமாவைக் கேளு," என்றாள் அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து. "காபி சாப்பிடறாரான்னு கேளு."

"காபி கிடக்கட்டும். கல்லைப் பூசினது யாருன்னு உங்கம்மாவைக் கேளுடா."

"கொத்தன்னு சொல்லு."

கூலி ஆட்களில் ஒருவன் சிரித்துவிட்டான். பெரிய மாமாவுக்கு முகம் சிவந்தது.

"இது பொதுச் சொத்து! ஆறு குடும்பத்துப் பணம். அஞ்சு பேர் டில்லி போறோம். நியாயம் எங்க பக்கம். கடப்பாரை எடுடா!"

"கடப்பாரை வெச்சா தரை உடையும். தரை யாரோடதுன்னு மாமாவைக் கேட்டுக்கச் சொல்லு."

கடப்பாரையின் முதல் அடி விழுந்த உடனே மாடியிலிருந்து ஜேட்டாமஷாய் இறங்கி வந்தார். காத்துக்கொண்டிருந்தவர் போலவே வந்தார். வேட்டிக்கு மேல் கோர்ட்டுக்குப் போடும் கறுப்புக் கோட்டு! ஞாயிற்றுக்கிழமையில்! இங்கிலீஷில் பேசினார், பெரிய மாமாவுக்குப் பிடித்த பாஷை. தரையில் பூசி நிலைத்துவிட்ட பொருள் தரையைச் சேர்ந்தது, தரை வீட்டுக்குச் சொந்தம், வீடு எனக்குச் சொந்தம் என்றார். ஆகவே இது இப்போது என் ஆட்டுக்கல், என் தரையை உடைப்பது குற்றம், விருப்பமிருந்தால் அலிப்பூரில் வழக்குப் போடலாம், எதிர்த்தரப்பில் நானே இலவசமாக வாதாடுவேன் என்றார்.

பெரிய மாமா முப்பது வருஷம் சர்க்கார் விதிகளைப் பார்த்தவர். வேறு யாராவது சண்டை போட்டிருப்பார்கள். அவரோ, "அந்த விதியைக் காட்ட முடியுமா?" என்றார். ஜேட்டாமஷாய் ஒரு தடிப் புத்தகத்தைக் கொண்டுவந்து பிரித்துக் காட்டினார். பெரிய மாமா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றபடியே படித்தார், ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. பிறகு கண்ணாடியைக் கழற்றி, "விதி அப்படித்தான் இருக்கு" என்று மற்ற நால்வரிடமும் சொன்னார். விதி என்று வந்துவிட்டால் நம் ஆட்களுக்குக் கை எழாது. கடப்பாரை கீழே போயிற்று.

ஆனால் கோபம் போகவில்லை. அது அப்பா மேல் திரும்பியது.

"உன் ஆத்துக்காரியை அடக்கத் தெரியலை, நீ எப்படிய்யா ஒரு செக்ஷனை நடத்துவே? கல்லு இருக்கட்டும். நீ வரியா, இல்லையா? இப்பவே சொல்லு. உன் பேரை நான் முதல் தொகுதியில எழுதியாச்சு."

கதவுக்குப் பின்னால் அம்மாவின் புடவை நுனி மட்டும் எனக்குத் தெரிந்தது. அப்பா போகிறேன் என்றால் அவள் என்ன செய்வாள்? கல்லைச் சாந்து பூசி நிறுத்தலாம். புருஷனை எதைப் பூசி நிறுத்துவது?

அப்பா கல்லுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். தோளைக் கொடுத்துத் தள்ளினார். அசையவில்லை. சிவப்புச் சாந்தைக் கட்டைவிரல் நகத்தால் கீறினார், கீறல் விழவில்லை. நகத்தை முகர்ந்து பார்த்தார். வெல்ல வாசனை வந்திருக்க வேண்டும். என் அப்பா சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"நன்னாப் பிடிச்சுண்டிருக்கு, மாமா" என்றார். "என் பேரை அடிச்சுடுங்கோ."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார். பெரிய மாமா காபி கூடச் சாப்பிடாமல் காலி வண்டியோடு போனார்.

அப்பா சர்க்கார் வேலையை விட்டார். ஆற்றங்கரையில் ஒரு சணல் கம்பெனியில் கீழ்நிலைக் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். டில்லிக்குப் போன ஐந்து பேருக்கும் உத்தியோக உயர்வு, பென்ஷன், இருவருக்குச் சர்க்கார் பட்டம். அப்பாவுக்குக் கிடைத்தது பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்ற பேர். அவர் இழந்ததை எல்லாம் நான் வாலிபத்தில் விரல் விட்டு எண்ணியிருக்கிறேன், ஏமாளி என்று நினைத்தும் இருக்கிறேன். அவர் ஒரு தடவை கூட எண்ணியதாகத் தெரியவில்லை. அக்கா புருஷன் அழைத்ததால் கல்கத்தா வந்தவர், சூப்பிரண்டு சொன்னதால் டில்லி போக இருந்தவர், தானாக முடிவு செய்தது அந்த ஒன்றைத்தான். அம்மாவுக்குப் பயந்துதான் நின்றார் என்று சொன்னவர்கள் அவர் கல்லின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்ததைப் பார்த்திருக்கவில்லை. பார்த்த ஐந்து பேர் டில்லியில் அதைச் சொல்லவும் இல்லை.

மாமி கிளம்பும் அன்று ஹௌரா போகும் வழியில் குதிரை வண்டியை எங்கள் சந்தில் நிறுத்தினாள். இறங்கி வந்து கல்லைக் காலால் ஒரு உதை உதைத்துப் பார்த்து, திருப்தியாக, "இருக்கு" என்றாள். அம்மாவிடம் விடைகூடச் சொல்லவில்லை. உடைந்த வளையலின் ஜோடியைக் கழற்றிக் குழவி மேல் மாட்டிவிட்டு வண்டி ஏறினாள்.

பிறகு தெற்கிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். பாங்கிக்கு, கம்பெனிக்கு, ரயில்வேக்கு. உங்கள் அப்பாக்கள் வந்தது அப்போதுதான். மெயில் வண்டியில் இறங்கிய புதுப் பெண்கள் யாரிடமோ விசாரித்துக்கொண்டு ஊறிய அரிசியோடு எங்கள் முற்றத்துக்கு வந்து நிற்பார்கள். உங்களில் மூன்று பேருடைய அம்மாக்கள் அந்தக் கல்லில் ஆட்டியவர்கள், எனக்கு நினைவிருக்கிறது, நீங்கள் மறந்துவிட்டீர்கள். அதற்கப்புறம்தான் இந்த மார்க்கெட் வந்தது, கடைகள் வந்தன, நாம் தினமும் குறை சொல்லும் காபி வந்தது. வேலை என்று நான்கு தடவை சொல்லிவிட்டீர்கள். வேலை டில்லிக்குப் போய்விட்டதே, ஐயா! அது போன பிறகும் இங்கே ஒரு அடுப்பு எரிந்தது ஏன் என்று அடுத்த முறை அந்தப் பேராசிரியருக்குச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு எட்டாவது அடுப்பு இல்லை. ஜேட்டிமா போன பிறகும் அவள் பிள்ளைகள் எங்களை அங்கேயே இருக்கவிட்டார்கள். அம்மாவும் போய் நான் டாக்குரியாவுக்கு மாறிய பிறகு வீட்டை விற்றார்கள், இடித்தார்கள், நான்கு மாடி ஃபிளாட் எழுந்தது. இடிக்கும்போது தினமும் போய் நின்றேன். காண்ட்ராக்டரின் ஆட்கள் சுவரை எல்லாம் ஒரு வாரத்தில் தள்ளிவிட்டார்கள். கல்லிடம் வந்து இரண்டு நாள் அடித்தார்கள். ஒரு மண்வெட்டிக் காம்பு முறிந்தது. கடைசியில் மேஸ்திரி கடுப்பாகி, "தாத்தா, உங்கள் கல்லுக்குள் என்ன பூதம் இருக்கிறது?" என்று என்னைக் கேட்டுவிட்டு, அதன் மேலேயே கான்கிரீட்டைக் கொட்டச் சொன்னான். இப்போது அது மாடிப்படிக்குக் கீழே, யாரோ ஸ்கூட்டர் நிறுத்தும் இடத்துக்கு அடியில் இருக்கிறது. மெட்ரோவுக்காகத் தெருவெல்லாம் தோண்டிப் போட்டிருக்கிறார்களே, அந்தச் சேற்றைத் தாண்டி இன்றும் நான் அங்கே போய் நிற்பதுண்டு. காவல்காரன் எனக்கு மூளை பிசகு என்று நினைக்கிறான், நினைக்கட்டும்.

என் பிள்ளை டில்லியில் இருக்கிறான். நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். தனியாகக் கிடக்க வேண்டாம், கிளம்பி வாருங்கள், எல்லா ஏற்பாடும் செய்துவிட்டேன் என்று எழுதி டிக்கெட்டும் அனுப்பிவிட்டான். நம் கூட்டத்திலேயே இரண்டு பேர் போகச் சொல்லி எனக்கு உபதேசம் செய்தீர்கள், யார் யார் என்று நான் குறித்து வைத்திருக்கிறேன்.

டிக்கெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காளிகாட்டில் ஒரு மாடிப்படிக்குக் கீழே நம்முடைய சாமான் ஒன்று இருக்கிறது, முதலில் ஆள் கூட்டி வந்து அதைப் பெயர்த்து வண்டியில் ஏற்று, அப்புறம் என்னைக் கூப்பிடு என்று எழுதியிருக்கிறேன்.